பல்லி என்று முதலில் அழைக்கப்பட்டவள்

என் தங்கை மகள் ஒரு சட்டை வாங்கி வந்தாள். கறுப்புச் சட்டை. நெஞ்சில் ஒரு பல்லி கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பிடித்திருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில் ‘பல்லி’ என்று அச்சடித்திருந்தது. அவளும் அவள் கூட்டாளிகளும் ஈப்போவில், குனோங் ராபாட் பக்கம் ஏதாவது ஒரு காப்பிக் கடையில் கூடிப் புத்தகம் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு அதுதான் பெயர்.

“எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை பெரியம்மா. உங்களுக்கும் ஒன்னு எடுத்துருக்கேன்.”

வேண்டாம் என்றேன்.

“ஏன்லா? நீங்கதான் பெரிய பல்லியாச்சே. கச்சாங் பூத்தே கடலை மடிச்ச பேப்பரக்கூடப் பிரிச்சுப் படிப்பீங்க.”

உங்களுக்கும் தெரிந்த சொல்தான். ஈப்போ பக்கம் எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை புத்தகமும் கையுமாக இருந்தால் அது பல்லி. சாப்பிடக் கூப்பிட்டால் வராது. கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்து எதையாவது படிக்கும். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். நீங்களே திட்டியிருப்பீர்கள். அப்போது அது வசவு. இப்போது காசு கொடுத்துச் சட்டையில் போடுகிறார்கள்.

எப்படி வந்தது என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் மேசை துடைத்த உணவகத்து முதலாளி அண்ணன், நூலகத்தில் பல்லி அதிகம், அதனால் என்றார். தங்கை மகளின் கூட்டாளி ஒரு பையன், பல்லி கண் கொட்டாமல் பார்க்கும், படிக்கிறவனும் அப்படித்தான் என்று வீடியோ போட்டிருக்கிறான். பார்த்தேன். நன்றாகத்தான் பேசுகிறான்.

அந்தச் சொல் முதலில் விழுந்தது என் மேல். அதனால் எழுதுகிறேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு முடிந்தது. எழுத்தில் தப்பு இருக்கும்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு லயத்து வீட்டைச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். பலகைச் சுவர். பலகை காய்ந்தால் இடுக்கு விடும். பக்கத்து வீட்டு விளக்கு தெரியும், காற்று வரும், மூட்டைப்பூச்சி வரும். அதனால் தீபாவளிக்கு முன்னால் சுவருக்குப் பேப்பர் ஒட்டுவோம். மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசை கிண்டுவார்கள். அடுப்பில் இருக்கும்போது அதன் வாசம் பசியைக் கிளப்பும். பிள்ளைகள் விரலில் எடுத்து நக்குவோம். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். கலந்த பிறகு தொட்டால் அடி விழும்.

பேப்பர், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணியார் வீட்டிலிருந்து வரும். வருஷம் முழுக்க அவர் படித்துக் கட்டி வைத்ததை லயத்துக்கு ஒரு கட்டாகக் கொடுப்பார். வீட்டுக்கு இத்தனை தாள் என்று பெண்கள் பிரித்துக்கொள்வார்கள். தோட்டத்தில் படிக்க வேறு சாமான் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தக அலமாரி இருந்தது. பூட்டித்தான் இருக்கும். சாவி தலைமையாசிரியர் பையில்.

ஒட்டுகிறவர்களுக்குப் படிக்கத் தெரியாது. படம் இருந்தால் படத்தை வைத்து மேல் கீழ் பார்ப்பார்கள். படம் இல்லாத தாள் தலைகீழாகவும் போகும், பக்கவாட்டிலும் போகும். நான் எங்கள் வீட்டில் நேராக இருந்ததை முதலில் படித்து முடித்தேன். பிறகு கழுத்தை ஒடித்துத் தலைகீழாக இருந்ததைப் படித்தேன். கூரையை ஒட்டி இருந்ததைப் பெஞ்சு மேல் ஏறிப் படித்தேன். ஒரு செய்தி பாதியில் நின்றால் மிச்சம் பக்கத்து வீட்டில் இருக்கும். ஒரே கட்டைப் பிரித்ததுதானே. அதனால் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

பக்கத்து வீடு அத்தை வீடு. ரத்த உறவு இல்லை. ஒரே லயம், ஒரே தண்ணீர்ப் பைப்பு, அப்படி அத்தை. அத்தை வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டினார். காலையில் டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதும் அவர்தான். அவர்களுக்கு இரண்டு மகள்கள். சின்னதைக் குட்டி என்போம். இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை.

ஒரு நாள் அத்தை வீட்டு அடுப்படியில், சுவரில் கன்னத்தை வைத்து, பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை பால் வெட்டிவிட்டு வந்தாள். தலைத்துணியை அவிழ்த்து உதறினாள். புளித்த ரப்பர் பால் வாசம்.

“அடி இவளே! என்னாடி பல்லி மாரி செவுத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிற? செவுரு விழுந்துரும்னு முட்டுக் குடுக்கிறியா?”

குட்டி கைதட்டிச் சிரித்தது. “பல்லியக்கா! பல்லியக்கா!”

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கப் பல்லி. செல்லமாக வைத்த பெயர். அதையும் எழுதிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு எனக்கு மரியாதை கூடிவிட்டது. மத்தியானம் பால் எடை நிறுத்துவிட்டு வந்த பெண்கள் அத்தை வீட்டில் உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். என்னைச் சுவர் பக்கம் தள்ளுவார்கள்.

“ஏ பல்லி, இந்தப் பொம்பள எதுக்கு இப்பிடி அழுவுறா?”

“அழுவல அத்தே. பவுடர் விளம்பரம்.”

“பவுடருக்கா இந்த மூஞ்சி? சரி, இந்த ஆளு? மால போட்டுருக்கே, செத்துட்டானா?”

“இல்ல. எலெக்சன்ல ஜெயிச்சிருக்காரு.”

“நம்மளுக்கு ரெண்டும் ஒன்னுதான்லா,” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

குட்டி என் காலடியில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரே கேள்வி. “அப்பறம்?”

“அப்பறம் இல்ல. முடிஞ்சிருச்சு.”

“முடிஞ்சதுக்கு அப்பறம்?”

அந்த வருஷம் எனக்கு ஆறாம் வகுப்பு. வருஷம் பிறந்தால் டவுனில், தமிழ்ப் பள்ளி முடித்தவர்களைச் சேர்க்கும் புகுமுக வகுப்பு. எங்கள் வீட்டில் யாரும் டவுன் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா நீலத் துணி வாங்கி, மூலை வீட்டு அக்காவிடம் கொடுத்துச் சீருடை தைத்து, டிரங்குப் பெட்டியில் வைத்தாள். நான் அடிக்கடி மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். புதுத்துணிக் கஞ்சி வாசம், ரசகற்பூர வாசம். லோரி மாமா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்:

“பல்லிக்கு முன்சீட்டு. சடக்குல ரோட்டோரம் இருக்குற பலகையெல்லாம் எனக்குப் படிச்சுச் சொல்லணும். சரியா?”

சரி என்பேன். எனக்கு அந்த முன்சீட்டுதான் கனவு.

தீபாவளி வந்தது. அத்தை வீட்டில் புதுப் பேப்பர் ஒட்டி முடித்தார்கள். பசை இன்னும் ஈரம். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. லயத்துப் பெண்கள் சேர்ந்து முறுக்குச் சுற்றினார்கள்.

“புதுச் செவுரு. மொதல்ல என் பல்லி படிக்கட்டும்,” என்றாள் அத்தை.

அடுப்புக்குப் பக்கத்தில் என் கண்ணுக்கு நேராக ஒரு செய்தி. என்ன ஏது என்று பார்க்காமல் ஆரம்பித்துவிட்டேன். வேறு ஏதோ ஒரு தோட்டம். தோண்டிப் போட்ட பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றிருக்கிறது. ஒரு சின்னப் பிள்ளை அதில் வழுக்கி விழுந்து செத்துப்போயிருக்கிறது.

“அடச்சீ!” கையில் மாவோடு அத்தை எழுந்தாள். “நல்ல நாளும் அதுவுமா எளவுச் சேதியா? நிறுத்துடி!”

“இன்னும் இருக்கு அத்தே.”

“போதும்ங்கிறேன்ல!”

ஒருத்தி விரலை மடக்கித் தரையில் டக் டக்கென்று தட்டினாள். பல்லி சத்தம் போட்டால் அப்படித் தட்டுவார்கள், கெட்டதாக இருந்தால் அதோடு போகட்டும் என்று. “பல்லி சொல்லிருச்சுலா,” என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். ஒரு சோப்பு விளம்பரத் தாளை எடுத்து அந்தச் செய்தி மேல் வைத்து ஒட்டினாள். உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துவிட்டாள்.

குட்டி மட்டும் கேட்டது. “அப்பறம்?”

அத்தை அதன் வாயில் ஒரு முறுக்கை வைத்தாள்.

என் வாயைத்தான் நிறுத்தினார்கள். தாளை ஒட்டுவதற்குள் நான் கண்ணால் கடைசிவரை படித்திருந்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லப் பார்த்தேன். நல்ல நாளில் அந்தப் பேச்சு வேண்டாம் என்றாள். அப்பாவிடம் போனேன். “அத்தை வேணாம்னு சொன்னதுக்கு அப்பறம் என்னா?” என்றார்.

தீபாவளி போய் மழை பிடித்தது. எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஈயக்குட்டை. பேராக்கில் பாதி இடம் அப்படித்தான். ஈயம் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பள்ளத்தை விட்டுவிட்டார்கள். தண்ணீர் பச்சையாக அழகாக இருக்கும். சுற்றி வெள்ளை மணல். கரை ஓரத்தில் காங்கோங் கீரை தழைத்துக் கிடக்கும். லயத்தில் கறி இல்லாத நாளில் பிள்ளைகளை அனுப்பிப் பறித்து வரச் சொல்வார்கள். என்னையும் அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று அத்தை தன் பிள்ளைகள் இரண்டையும் அனுப்பினாள். மணல் கரை, ஈரத்தில் சரிந்துவிட்டது. பெரியவள் மட்டும் ஓடி வந்தாள். கையில் கீரை இருந்தது.

மாமா குதித்துத் தேடினார். அவர்தான் எடுத்தார்.

சாவு வீட்டில் அத்தை அழுதது இன்னும் காதில் இருக்கிறது. முதலில் பெயரைச் சொல்லி அழுதாள். பிறகு கும்பலில் என்னைப் பார்த்துவிட்டாள். அழுகை நின்றது.

“இவதான் சொன்னா. என் வீட்டுக்குள்ள நின்னு, நல்ல நாள்ல, இவதான் சொன்னா.”

அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

மறுநாள் மாமா தன் வீட்டுச் சுவர்ப் பேப்பரை எல்லாம் கிழித்தார். மற்ற வீடுகளிலும் கிழித்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவே கிழித்தார். லயத்து முன்னால் குவித்துக் கொளுத்தினார்கள். மயில்துத்தம் கலந்த பசை, அதனால் நெருப்பு ஓரத்தில் பச்சையாக எரிந்தது. நான் படித்தது, படிக்க மிச்சம் வைத்திருந்தது, எல்லாம் போயிற்று. பலகை இடுக்கு மறுபடி தெரிந்தது.

அதன் பிறகு நான் லயத்தில் நடந்தால் ஒரு சத்தம் என் கூடவே வரும். டக் டக். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கதவுக்கட்டையில் விரலை மடக்கித் தட்டுவார்கள். பேன் பார்க்கும்போது என்னைச் சுவர் பக்கம் தள்ளிய அதே பெண்கள். என் கூட்டாளிகளும் பழகிக்கொண்டார்கள். பைப்படியில் நான் வாளி வைத்தால் வாளியிலேயே தட்டுவார்கள். வாளி தகரம், சத்தம் அதிகம்.

தோட்டத்து ஆபீஸ் என்ன செய்தது என்று கேட்பீர்கள். குட்டைக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள். மலாயில் எழுதியிருந்தது. ஆழம், ஆபத்து. லயத்துப் பெரியவர்கள் யாருக்கும் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. என்ன போட்டிருக்கு என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

வருஷம் பிறந்தது. நீலச் சீருடையைப் போட்டுக்கொண்டு லோரி நிற்கும் இடத்துக்குப் போனேன். அம்மாவும் அப்பாவும் விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போய்விட்டார்கள். மற்றப் பிள்ளைகள் பின்னால் ஏறினார்கள். நான் ஏறக் காலை வைத்தேன். மாமா இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீ எறங்கு.”

“பள்ளிக்கூடம் மாமா.”

“எறங்குன்னு சொல்றேன்ல.”

இறங்கினேன். லோரி போயிற்று. முன்சீட்டு காலியாக இருந்தது.

சாயங்காலம் அப்பா அவரிடம் பேசப் போனார். நான் வேலி ஓரம் நின்று கேட்டேன்.

“மச்சான், புள்ள என்னா பண்ணுச்சு?”

“ஒன்னும் பண்ணலன்னே வச்சுக்குங்க மச்சான். அவ வண்டியில ஏறுனா நான் எறங்கிருவேன். நீங்களே ஓட்டிக்குங்க.”

அப்பா திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஏறி நின்று படித்த பெஞ்சு அது. அம்மா விடவில்லை.

“கிராணியார்ட்ட சொல்லுங்களேன். லோரி என்னா அவரு வீட்டு லோரியா?”

“புள்ளயப் பறிகொடுத்தவன் மேல போய்ப் பிராது குடுக்கவா? நாளைக்கு ஒரே பைப்புல தண்ணி புடிக்கணும்.”

“அப்ப சைக்கிள்ல கொண்டு விடுங்க.”

“பெரட்டுக்கு யாரு போறது? ஒங்கப்பனா?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஆறட்டும்லா. இந்த வருசம் விடு. அடுத்த வருசம் தானா ஏத்திக்கிட்டுப் போவான்,” என்றார்.

அடுத்த வருஷம் நான் அம்மாவோடு மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பால் வடியும் மங்கு துடைக்க, வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் உருவ. அம்மா சீருடையைப் பிரித்து எனக்கு ஒட்டுப்பால் பை தைத்துக் கொடுத்தாள். இடுப்பில் கட்டிக்கொள்ள. நல்ல கெட்டித் துணி, வீணாகப் போகக்கூடாது என்றாள். சில நாளில் அந்த நீலம் ரப்பர் கறை பட்டுக் கறுத்துவிட்டது.

அப்பா நல்ல மனிதர். யாரோடும் சண்டை கிடையாது. அவர் சாவு வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். லோரி மாமா பாடைத் தேர் கட்டுவதற்கு முதல் ஆளாக வந்தார். நான் ஒரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டேன்.

சொல் மட்டும் தங்கிவிட்டது. முதலில் பயத்தோடு இருந்தது. “படிச்சுக்கிட்டே கெட, நீயும் பல்லியாயிருவ” என்று தாய்மார்கள் பிள்ளையின் கையில் இருந்ததைப் பிடுங்குவார்கள். கல்யாணமாகிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போன பெண்கள் கொண்டுபோனார்கள். அங்கே யாருக்கும் குட்டியைத் தெரியாது. பயம் கழன்று கேலி மிஞ்சியது. பிறகு தோட்டத்தை விற்றார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடு வந்தது. ஆட்கள் ஈப்போவுக்கு வந்தார்கள். சிலர் கார் செய்யும் வேலைக்குத் தஞ்சோங் மாலிம் போனார்கள், சிலர் லூமுட் போனார்கள். சட்டி பானையைக்கூட விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. இந்தச் சொல்லை ஒருவரும் விட்டுவிட்டுப் போகவில்லை.

அத்தையை ஒரு தடவை ஈப்போ பஸ் நிலையத்தில் பார்த்தேன். முடி எல்லாம் வெள்ளை. மடியில் ஒரு கீரைக்கட்டு. “அத்தே” என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்துகொண்டாள். அவள் விரல் மடங்கி, உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தட்டியது. வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. பஸ் வந்ததும் ஏறிவிட்டாள். கீரை பறிக்க அனுப்பியது அவள்தான். அதை அவள் ஒரு நாளும் மறந்திருக்கமாட்டாள். தன்மேல் போட்டுக்கொண்டால் உயிரோடு இருக்க முடியாது, என்மேல் போட்டால் இருக்கலாம். இது எனக்கு இப்போது புரிகிறது. புரிந்து என்ன? அவள் பின்னால் ஏறிப் பேசினால் மேசை துடைக்கிற வேலைக்கு நேரமாகிவிடும் என்று அன்று நானும் நடந்துவிட்டேன்.

போன வாரம் தங்கை மகள் ஓடி வந்தாள். கையில் கைப்பேசி.

“பெரியம்மா! அம்மா சொல்றாங்க, பல்லிங்கிற பேரே மொதல்ல உங்களுக்குத்தான் வச்சாங்களாம்? உண்மையா?”

“ஆமா.”

“என்னா பெரியம்மா, இவ்ளோ நாளா சொல்லவே இல்ல!”

“நீ கேக்கல.”

“இப்ப கேக்குறேன்லா. சொல்லுங்க. வீடியோ எடுக்குறேன். எங்க ஆளுங்க செத்துருவாங்க.”

நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டாள். என் முடியைச் சரிசெய்துவிட்டாள். சொன்னேன். பலகைச் சுவர், மரவள்ளிப் பசை, தலைகீழாக ஒட்டிய தாள். அத்தை பெயர் வைத்தது. அவள் சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தீபாவளிக்கு வந்தேன். அந்தச் செய்தி எனக்கு இன்றும் மனப்பாடம். பள்ளம், மழைத்தண்ணீர், வழுக்கி விழுந்த பிள்ளை.

அவள் முகம் மாறியது.

“பெரியம்மா, இது வேணாம்லா. ரொம்ப சோகமா இருக்கு. அந்த அத்தை செல்லமா வச்சாங்களே, அதுவரைக்கும் போதும். அதுதான் கியூட்.”

“இன்னும் இருக்கு.”

“இருக்கட்டும் பெரியம்மா. அப்பறமா சொல்லுங்க, கேக்குறேன். மொதல்ல இத போட்டுர்றேன்.”

விரலை நீட்டித் திரையில் ஒரு தட்டுத் தட்டினாள். நின்றுவிட்டது.

நிறையப் பேர் பார்க்கிறார்களாம். இதயம் இதயமாகப் போட்டிருக்கிறார்கள். அந்த அத்தை எவ்வளவு நல்லவங்க என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். தங்கை மகள் அப்பறமாகக் கேட்க வரவில்லை. வேலை இருக்கும்.

அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். குட்டி கேட்டதற்குப் பதில். பிள்ளை செத்ததோடு அந்தச் செய்தி முடியவில்லை. அந்தத் தோட்டத்து ஆட்கள் மறுநாள் பால் வெட்டப் போகவில்லையாம். ஆணும் பெண்ணுமாகத் துரை பங்களா வாசலில் போய் உட்கார்ந்தார்களாம். துரை ஆள் அனுப்பிப் பள்ளத்தைச் சுற்றி வேலி அடித்துக் கொடுத்தாராம். மற்றத் தோட்டங்களிலும் இப்படிப் பள்ளம் கிடந்தால் ஜனங்கள் போய் வேலி கேட்க வேண்டும், அதுவரைக்கும் பிள்ளைகளை அந்தப் பக்கம் தனியாக அனுப்பக்கூடாது என்று கடைசியில் போட்டிருந்தது.

அத்தை வீட்டில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், சோப்பு விளம்பரத்துக்கு அடியில் இதெல்லாம் இருந்தது. அந்தத் தாளை மட்டும் நேராகத்தான் ஒட்டியிருந்தார்கள்.